தொண்ணூற்றாறு குழிகள்

இன்னும் ஐம்பது நிமிடம். இன்குபேட்டரின் நெற்றியில் முப்பத்தேழு புள்ளி பூஜ்யம் என்று சிவப்பாக எரிகிறது, அதற்கு மேலே சுவர்க்கடிகாரம் ஒன்று இருபது காட்டுகிறது, பதினொன்று பத்துக்குச் சாயம் ஊற்றினேன், மூன்று மணி நேரம் என்றால் இரண்டு பத்து, எப்படிக் கூட்டினாலும் ஐம்பதுதான், கொஞ்சம் முன்னால் பார்த்தபோதும் ஐம்பதுதான். கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் சூடு போய்விடும், செல்களுக்கு ஆகாது, ஆனால் நான் திறக்காமல் இருப்பதற்கு அது காரணமில்லை. திறந்தால் தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும் நிறம் அது, மெஷின் எதுவும் தேவையில்லை. உள்ளே நடுத்தட்டில் என் உள்ளங்கையளவு ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது, எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி, மொத்தம் தொண்ணூற்றாறு, ஜெபராணி அக்கா அதை இட்லித்தட்டு என்பாள், குழிக்கு எட்டாயிரம் செல், கண்ணுக்குத் தெரியாத எட்டாயிரம் உயிர், அவற்றின் மேல் மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கிற செல் அந்த மஞ்சளைத் தின்று ஊதாவாக்கும். செத்த செல் மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவிடும். இவ்வளவுதான் சோதனை, ஒரு குழந்தைக்கும் சொல்லிப் புரியவைக்கலாம், ஊதா என்றால் உயிர், மஞ்சள் என்றால் சாவு. மேல் நான்கு வரிசையில் மருந்து போட்டிருக்கிறேன், இடமிருந்து வலமாக அளவு கூடிக்கொண்டே போகும். கீழ் நான்கு வரிசையில் மருந்து இல்லை, மருந்தைக் கரைக்கிற திரவம் மட்டும், அதுவும் இடமிருந்து வலமாகக் கூடிக்கொண்டே போகும், மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு. கீழ் வரிசைகள் கடைசிவரைக்கும் ஊதாவாக இருந்தால் நான் பிழைத்தேன். கீழேயும் வலது பக்கம் மஞ்சளாக வெளுத்திருந்தால், செல்களைக் கொன்றது மருந்து இல்லை, கரைப்பான். அப்படியென்றால் இரண்டு மாதமாக எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் படம் பொய், மூன்று மணி இணையக் கூட்டத்தில் என் ஆய்வு வழிகாட்டி இன்பவல்லி மேடம் காட்டப்போவது பொய், அதைப் போட்டவள் நான்.

படம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. திரும்பாமலே அது எனக்குத் தெரியும், மேலே தொடங்கிச் சரிந்து இறங்கும் ஒரு கோடு, மருந்து கூடக்கூடச் செல்கள் சாகின்றன என்று சொல்லும் கோடு, ஓரத்தில் மேடம் பச்சை மையில் எழுதிய 'அருமை!' அந்த ஆச்சரியக்குறியின் புள்ளியைக்கூட அழுத்தி வைத்திருக்கிறார், காகிதம் பின்பக்கம் புடைத்திருக்கும். மேடம் யாருக்கும் அருமை எழுத மாட்டார், சரி என்று எழுதுவார், இல்லையென்றால் கேள்விக்குறி. மஞ்சணத்தி வேரில் இருந்து எடுத்த ஒரு சேர்மம். எங்கள் நாங்குநேரிப் பக்கத்தில் முள்ளுக்காட்டில் ஆட்டுக்கும் வேண்டாமல் நிற்கிற மரம், கறுத்த பழம், மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்னவேண்டிய பழம், அதன் வேருக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று யார் நினைத்தார்கள். ஆனால் வேரில் இருக்கிறபடியே எடுத்துக் கொடுத்தால் உபயோகமில்லை, தண்ணீரில் கரையாது, ஈரல் ஒரு மணி நேரத்தில் அதை உடைத்து வெளியே தள்ளிவிடும். அதனால் வேதியியல் துறையில் கோகிலன் அண்ணன் அந்த மூலக்கூறை எடுத்து இங்கே வாலை வெட்டி, அங்கே ஒரு கையை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்தார். பதினாறு முறை ஒன்றும் நடக்கவில்லை. பதினேழாவது மூன்று மில்லிகிராம், ஐந்து மாத வேலை, சின்னக் குப்பியில் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "இசக்கி, இது என் பதினேழாவது பிள்ளை, கீழ போட்டுறாத" என்றார். நான் கீழே போடவில்லை. கீழே போட்டிருந்தால் நன்றாயிருக்கும். அது கரையவே மாட்டேன் என்றது, நிறையத் திரவம் ஊற்றித்தான் கரைத்தேன், நீர்த்த கரைசல், ஆகவே அதிக அளவு மருந்து வேண்டுமென்றால் அதிகத் திரவம் ஊற்ற வேண்டும், முதல் குழிக்கு ஒரு பங்கு என்றால் கடைசிக் குழிக்கு இருபது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழிகள் வேண்டுமே, அவற்றில் கரைப்பான் எவ்வளவு ஊற்றினேன். ஒரு பங்கு. எல்லாவற்றிலும் ஒரு பங்கு. அந்தக் கரைப்பான் கூடினால் அதுவே செல்லைக் கொல்லும் என்பது முதல் வருடத்திலேயே படிக்கிற விஷயம், பரீட்சையில் நான் எழுதியிருக்கிறேன், இரண்டு மார்க்.

பதினோரு நாளுக்கு முன்னால்தான் பார்த்தேன். எலிகளில் சோதிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்துக்காக மேடம் என் நோட்டில் இருந்து அளவுகளை அழகாக எடுத்து எழுதச் சொன்னார். ஒன்று, இரண்டு, நான்கு, பத்து, இருபது. அதற்குக் கீழே ஒப்பீட்டுக் குழிகள்: ஒன்று. என் கையெழுத்துதான், கோடு போட்டு எழுதின மாதிரி இருக்கும், எட்டாம் வகுப்பில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு விரலுக்கு ஞாபகம் வந்தது, கடைசிக் குழிக்கு உறிஞ்சும்போது பிப்பெட் நுனி கழுத்துவரை நிறைந்திருந்ததும், மருந்தில்லாத குழிக்கு உறிஞ்சும்போது நுனியின் அடியில் ஒரு கண்ணீர்த்துளி அளவு நின்றதும். கண் அன்றைக்கே பார்த்திருக்கிறது. பார்த்ததை என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்கே மேடத்திடம் சொல்லியிருக்கலாம். முதலில் இன்னொரு முறை சரியாகச் செய்து பார்ப்போம், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன், நியாயமாகத்தான் இருந்தது, செல்கள் வளர வேண்டும், ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரமும் எவ்வளவு சௌகரியமாக இருந்தது. நான்காம் நாள் விண்ணப்பம் போய்விட்டது, படத்தோடு. அப்போதும் சொல்லவில்லை. நாற்பது எலி. நாற்பது எலிக்கு வயிற்றைக் கீறி நோயை உண்டாக்கி, பிறகு இந்த மருந்தைக் கொடுத்து, ஒன்றும் நடக்காமல், ஒன்றரை வருடம் கழித்து யாராவது ஏன் என்று கேட்பார்கள். கேட்காமலும் போகலாம். எலிக்குப் பிடிக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். அதுதான் பயமாக இருக்கிறது, யாருக்கும் தெரியாமலே போக முடியும் என்பது.

"எடி, இட்லி வெந்தாச்சா?" ஜெபராணி அக்கா. கையில் சாப்பாட்டு டப்பா, ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே நின்று ஒரு காலை மட்டும் உள்ளே வைத்திருக்கிறாள். அக்கா எனக்கு மூன்று வருடம் மூத்தவள், நாகர்கோவில், சத்தம் போட்டுத்தான் பேசுவாள், அவள் பேசினால் நான் பேசாமல் இருப்பது வெளியே தெரியாது, அதனால் எனக்கு அவளைப் பிடிக்கும். இல்லக்கா, இன்னும் இருக்கு. "அதுக்கு எதுக்கு அதுக்க முன்னால குத்த வச்சு இருக்க? அடுப்பா அது? வா, மீன் கொழம்பு கொண்டாந்திருக்கேன்." பசிக்கலக்கா. "மொகம் வெள்ளக் காயிதம் மாதிரி இருக்கு, பசிக்கலியாம். மூணு மணிக்கு டாக்டருங்க எல்லாம் வருவாங்க, நீ பேச வேண்டாம், ஆனா உயிரோட இருக்கணும், கேட்டியா." சிரித்தேன். கூட்டத்தில் நான் பேசினதே இல்லை. திரையில் என் சதுரத்தில் மைக் படத்துக்குக் குறுக்கே எப்போதும் சிவப்புக் கோடு, எனக்கு வேண்டிய கேள்வியையெல்லாம் தட்டச்சு செய்து அக்காவுக்கு அனுப்புவேன், அவள் கேட்பாள். இந்தப் பிள்ளையை ஆண்டவர் ம்யூட்டில் போட்டுத்தான் அனுப்பினார் என்று ஒரு முறை எல்லோர் முன்னாலும் சொன்னாள், பதினைந்து சதுரமும் சிரித்தன, நானும் சிரித்தேன், என் சிரிப்பும் கேட்டிருக்காது. அக்காவிடம் சொல்லிவிடலாமா. அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். வாய் வரை வந்தது. அவள் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாள், வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேண்டீன் பக்கம் திரும்பி மறைந்தது. ஒன்று முப்பத்தொன்று.

இப்போது வருகிறது. முதலில் இடுப்புக்குப் பின்னால் ஒரு சூடு, பிறகு யாரோ உள்ளே ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி, பிழிந்து, உதறாமல், இன்னொரு தடவை பிழிகிற மாதிரி, வலது தொடைக்குள் ஒரு கம்பி இறங்குகிறது. இரண்டாம் நாள். இரண்டாம் நாள் இப்படித்தான். வெந்நீர்த் தொட்டியில் மிதந்துகொண்டிருந்த உப்புக்கரைசல் பாட்டிலை எடுத்துத் துப்பட்டாவுக்குள் வைத்து அடிவயிற்றோடு அழுத்திக்கொள்கிறேன், அதுவும் முப்பத்தேழு டிகிரி, இன்குபேட்டரும் முப்பத்தேழு, நானும் முப்பத்தேழு, எல்லாம் ஒரே சூட்டில் காத்திருக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் விழுந்தேன், பி.டி. டீச்சர் காலையில் சாப்பிடவில்லையா என்றார், அம்மா காய்ச்சல் என்று லெட்டர் எழுதிக் கொடுத்தாள். மாதா மாதம் எனக்குக் காய்ச்சல். "ஏட்டி, ஒனக்கு மட்டுமா இருக்கு? ஊர்ல உள்ள பொம்பளைக்கெல்லாம் உள்ளதுதான? நாங்கல்லாம் இதையும் வச்சிக்கிட்டுத்தான் நாத்து நட்டோம்." அம்மா கெட்டவள் இல்லை. சொல்லிவிட்டு விடிய விடியத் தவிட்டைச் சூடாக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். ஒன்பது வருடம், ஆறு டாக்டர், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொன்ன டாக்டர் இரண்டு பேர். கடைசியில் ரஹ்மத்துன்னிசா டாக்டர்தான் ஸ்கேன் படத்தில் பேனா நுனியை வைத்து, "இங்க பாரும்மா, கருப்பைக்கு உள்ள வளர வேண்டிய சவ்வு வெளிய வளர்ந்திருக்கு, சினைப்பையில ஒட்டியிருக்கு, குடல் மேலயும் கொஞ்சம். மாசா மாசம் அதுவும் இரத்தம் விடும், வெளிய போக வழியில்ல. அதான் வலி. உன் கற்பனை இல்ல" என்றார். எண்டோமெட்ரியோசிஸ். எனக்கு அந்தச் சொல் அவரைவிட நன்றாகத் தெரியும், என் ஆய்வுத் தலைப்பிலேயே இருக்கிறது, ஆனால் உன் கற்பனை இல்ல என்றபோது அழுதுவிட்டேன். இந்த நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் என் பேருக்கு நேரே அதை எழுதினார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்ட்டில் வயிற்றில் மூன்று துளை போட்டு வெட்டி எடுத்தார்கள், அப்பெண்டிக்ஸ் என்று சொல்லி லீவு போட்டேன். ஜெபராணி அக்கா ஹார்லிக்ஸோடு விடுதிக்கு வந்து, "காட்டு பாப்போம், மூணு ஓட்டையா, எங்க மாமாவுக்கும் இப்படித்தான் அப்பெண்டிக்ஸ் எடுத்தாங்க" என்றாள். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொன்னார். வந்துவிட்டது. அறுவைக்கு முந்தின நாள் ஒரு தாளை நீட்டினார்கள், எடுக்கிற திசுவை ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதமா, பெயர் போடமாட்டோம், எண் மட்டும்தான் போடுவோம். எனக்கு அந்தத் தாளை முன்பே தெரியும், அதில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினவளே நான்தான். கையெழுத்துப் போட்டேன்.

அந்த வியாழக்கிழமை டாக்டருக்கு மூன்று அறுவை. என்னையும் சேர்த்து மூன்று பெண்கள். ஐஸ் பெட்டியில் மூன்று குப்பி வந்து சேர்ந்தன, நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. நான் லீவில் இருந்தபோது அக்காதான் வளர்த்தாள், நாற்பதும் நாற்பத்திரண்டும் வளரவில்லை, நாற்பத்தொன்று மட்டும் தட்டு முழுக்கப் பரவிற்று, "சரியான முரட்டுப் பெம்பளைக்கத் திசு போல, விடாம வளருது" என்று திரும்பி வந்ததும் காட்டினாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். நீள நீளமாக, ஒரே திசையில் சாய்ந்து, காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி. மூன்றில் ஒன்று. நானாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கேட்டால் டாக்டருக்குத் தெரியும், கேட்க மாட்டேன். உள்ளே இருக்கிற தட்டில் குழிக்கு எட்டாயிரமாக உட்கார்ந்திருப்பது அந்த நாற்பத்தொன்றுதான். முதல் தடவை படம் வந்தபோது, கோடு சரிந்து இறங்கினபோது, இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். மேடம் ஆய்வு ஜெயித்தது என்று பார்த்தார். நான் அவை சாகின்றன என்று பார்த்தேன். என்னை ஒன்பது வருடம் படுத்தினவை சாகின்றன, மஞ்சணத்தி வேரால் சாகின்றன, நான் ஊற்றின மருந்தால் சாகின்றன. அதனால்தான் அளவைச் சரிபார்க்கவில்லையோ. வேறு யாருடைய செல்லாக இருந்தாலும் நுனியில் நின்ற துளியைப் பார்த்திருப்பேனோ. இதை நினைக்கக் கூடாது என்று பதினோரு நாளாக நினைக்கிறேன்.

ஒன்று ஐம்பத்திரண்டு. கைபேசி பையில் அதிர்கிறது, அம்மா, எடுக்கவில்லை, எடுத்தால் குரலிலேயே கண்டுபிடிப்பாள். இப்படியும் செய்யலாம். இரண்டு பத்துக்குத் தட்டை எடுத்துப் பார்ப்பது. கீழ் வரிசைகள் ஊதாவாக இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம், பழைய சோதனையில் ஒரு சின்னக் குறை, இப்போது நிவர்த்தி ஆகிவிட்டது, புது எண்களைப் பழைய இடத்தில் வைத்துவிட்டால் முடிந்தது. வெளுத்திருந்தால். வெளுத்திருந்தால் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம், தட்டை எரிப்பதற்குப் போகிற குப்பைப் பையில் போட்டுவிட்டால் இந்தச் சோதனை நடக்கவே இல்லை, நோட்டில் இன்னும் எழுதவில்லை, யாருக்கும் தெரியாது. பார் இசக்கி, நீ எவ்வளவு தூரம் போய்விட்டாய் என்று பார். நிறத்தைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறாய். தட்டு எந்த நிறத்தில் இருந்தாலும் அன்றைக்கு நோட்டில் எழுதின ஒன்று ஒன்றுதானே. அது ஊதாவாகாது. நாங்குநேரியிலோ வேறு எங்கேயோ ஒரு பெண்பிள்ளை இந்த நிமிடம் காய்ச்சல் லெட்டரோடு பள்ளிக்கூட பெஞ்சில் சுருண்டு படுத்திருக்கிறாள், அவளுக்குப் பதினெட்டாவது மருந்து வேண்டும், பத்தொன்பதாவது வேண்டும், நான் பதினேழைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நிற்கிறேன். எழுந்தேன். எழுந்தபோதுதான் தெரிந்தது எவ்வளவு வலிக்கிறது என்று. இன்குபேட்டரைத் தாண்டிப் போக வேண்டும், கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று, அதன் ரப்பர் ஓரம் வெதுவெதுப்பாக இருந்தது, இழுத்தால் போதும். துப்பட்டாவுக்குள் இருந்த பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனேன்.

மேடம் அறையில் தயிர்சாத டப்பா திறந்திருந்தது, மடிக்கணினியில் அந்தப் படம் திரை முழுக்க. உள்ளே வரலாமா என்று கேட்டேனா தெரியவில்லை. சொன்னேன். நின்றுகொண்டே, மேஜைமேல் இருந்த பச்சைப் பேனாவைப் பார்த்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, நான்கு, பத்து, இருபது, ஒப்பீட்டுக்கு ஒன்று, எல்லாவற்றையும். மேடம் ஸ்பூனை வைத்துவிட்டார். "எப்போலேருந்து தெரியும்?" பதினோரு நாளா மேடம். "பதினோரு நாள்." கோபமாகச் சொல்லவில்லை, எண்ணிப் பார்க்கிற மாதிரி சொன்னார், அது இன்னும் மோசமாக இருந்தது. "நானும்தானே அந்த நோட்டைப் பார்த்தேன். பச்சை மையில அருமைன்னு வேற எழுதினேன்." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "புதுத் தட்டு?" உள்ள இருக்கு மேடம். இன்னும் பாக்கல. "பார்க்காமலா வந்தே?" தலையாட்டினேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார், பிறகு என் துப்பட்டாவைப் பார்த்தார், அதற்குள் பாட்டிலைப் பிடித்திருக்கிற கைகளை. "வா" என்றார்.

இரண்டு பத்துக்கு மேடம்தான் கதவைத் திறந்தார். தட்டை விளக்குக்கு நேரே பிடித்தார், நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இடது பக்கம் கெட்டி ஊதா, கத்தரிக்காய்த் தோல் மாதிரி. நடுவில் இளகி, வலது ஓரம் போகப்போக மஞ்சள். மேல் நான்கு வரிசை அப்படி. கீழ் நான்கு வரிசையும் அப்படி. மருந்து போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே இல்லை, ஒரே சேலையின் இரண்டு கரை மாதிரி. கரைப்பான்தான். எல்லாம் கரைப்பான்தான். மேடம் மூச்சு விடுவது கேட்டது. நான் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மருந்து தொட்டும் சாகாத அந்த ஊதாக் குழிகளை. நாற்பத்தொன்று உயிரோடு இருக்கிறது. முரட்டுத்தனமாக, நிறைய, உயிரோடு. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என்னவென்று தெரியாத ஒரு சந்தோஷம், உடனே வெட்கமாக இருந்தது, அடுத்த பிழிதல் வந்ததும் இரண்டும் போய்விட்டன. "கோகிலன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் மேடம். "விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கணும். கூட்டத்துல நீ சொல்லு." மேடம், நானா. "நான் சொன்னா என் ஸ்டூடன்ட் தப்பு பண்ணிட்டான்னு ஆகும். நீ சொன்னா நாம கண்டுபிடிச்சோம்னு ஆகும்." வாசல்வரை போய்த் திரும்பி, "உட்கார்ந்தே சொல்லு. அந்த பாட்டிலையும் வச்சுக்கோ" என்றார்.

மூன்று மணி. பதினைந்து சதுரம். ஜெபராணி அக்கா என் பக்கத்து நாற்காலியில், ஒன்றும் புரியாமல், நான் தட்டச்சு செய்து அனுப்புவேன் என்று கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். மேல் ஓரத்துச் சதுரத்தில் ரஹ்மத்துன்னிசா டாக்டர், பச்சைத் தொப்பியோடு, அறுவை அரங்கிலிருந்து நேரே வந்த மாதிரி, இன்று வியாழக்கிழமை. இந்த மருந்து யாருக்காகவெல்லாம், அதில் நானும் ஒருத்தி என்று இங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் என் சதுரத்தைத்தான் பார்க்கிறாரா, எல்லோரையும் பார்க்கிறாரா, இதில் கண்டுபிடிக்க முடியாது. மேடம் என் பேரைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். மடியில் பாட்டில் ஆறிவிட்டது, ஆனாலும் பிடித்திருக்கிறேன், ஒரு கை அதில், ஒரு கை சுட்டியில். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். மைக் படத்தின் மேல் இருந்த சிவப்புக் கோடு போய்விட்டது. "வணக்கம்" என்றேன், என் குரல் அந்த அறையில் எனக்கே திரும்ப வந்து கேட்டது, "என் பேர் இசக்கியம்மாள். பதினேழாவது மருந்து வேலை செய்யல. செஞ்சதுன்னு காட்டினது என் தப்பு. எப்படின்னு சொல்றேன்."